வராத லாரிக்கு வந்த நான்கு பேர்

அந்தச் சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தொழிற்சாலைக்கு வந்திருந்தவர்கள்: ஷிப்ட் பொறுப்பாளர் சபீனா, அச்சு இயந்திரம் ஓட்டும் போலந்துக்காரர் தாரியுஷ், அட்டை வெட்டும் ஊவே, பெட்டிகளைக் கட்டாகக் கட்டும் பெத்ரா. வராதவர்கள்: லாரி, லாரி ஓட்டுநர், அந்த லாரி பத்து மணிக்கு வரும் என்று எழுதிவைத்த நான். நான் வீட்டில் போர்வைக்குள் இருந்தேன். பத்து இருபதுக்கு சபீனா போன் செய்தார். இந்த ஜெர்மானியச் சிற்றூரில் ஒரு வண்டி இருபது நிமிடம் தாமதமானால் துக்கம் விசாரிக்கிற குரலில்தான் பேசுவார்கள். "லாரிக்கு ஏதாவது விபத்தா?" என்றார். "இல்லை, அது திங்கட்கிழமை மதியம் வரும்" என்றேன், நல்ல செய்தி சொல்கிற நினைப்பில். "ஓ, மாற்றிவிட்டார்களா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு முழுதாக விழிப்பு வந்தது. "ம்" என்றேன்.

யாரும் எதையும் மாற்றவில்லை. அது முதலிலிருந்தே திங்கட்கிழமை லாரிதான். அட்டைப்பெட்டி செய்யும் இந்தக் கம்பெனியில் நான் உற்பத்தித் திட்ட எழுத்தர். எந்த ஆர்டரை எந்த இயந்திரத்தில் எந்த நாளில் ஓட்டுவது என்று அட்டவணை போடுவதும், சரக்கேற்ற லாரியை வரச்சொல்வதும் என் வேலை. ஜாம் கம்பெனிக்குப் பன்னிரண்டாயிரம் பெட்டிகள் திங்கள் மதியம் போனால் போதும். தனியாக அட்டவணை போட விட்ட முதல் வாரமே நான் அதில் சனி காலை பத்து மணி என்று போட்டேன். இதைப் படிக்கும் நம் ஊர்க்காரர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

புதுக்கோட்டையில், திருக்கோகர்ணத்துக்கு அங்கிட்டு ஒரு சின்ன அட்டைப்பெட்டிக் கம்பெனியில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவுக்கு நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரியில் வேலை. படித்தவன் பொய் எழுதக்கூடாது என்று முதல் வாரம் உண்மையான தேதியையே எழுதினேன். வியாழக்கிழமை மிட்டாய்க் கடைக்காரர் பெட்டி கேட்டு வந்து நின்றார். அட்டையே வெட்டியிருக்கவில்லை. இயந்திரம் ஓட்டும் காதர் பாயிடம் ஓடினேன். கட்டுமாவடிக்காரர்; எதற்கும் அசராதவர்.

"என்ன பாய், வியாழன்னு எழுதியிருந்தேன்ல?"

"எழுதியிருந்தீங்க தம்பி. அதான் சனிக்கெழமை பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"வியாழன்னா வியாழன்தான் பாய்."

"அத மொதல்லயே சொல்லணும்ல. நீங்க நெசத்தை எழுதுவீங்கன்னு யாரு கண்டா? ஒங்களுக்கு முன்னாடி இருந்தவரு ரெண்டு நாளு முன்னாடி போடுவாரு. நாங்க ரெண்டு நாளு தள்ளிக்குவோம். ஒருத்தருக்கும் ஒரு கொறையும் இல்ல."

மறு வாரத்திலிருந்து நானும் இரண்டு நாள் முன்னதாகப் போட்டேன். எல்லாப் பெட்டியும் சொன்ன நாளுக்குப் போனது. கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கிற நேரத்துக்குப் போய் நின்றால் பந்தல்காரர் மட்டும்தான் இருப்பார் என்பது தெரிந்தவர்கள்தானே நாம். எல்லோருக்கும் தெரிந்த பொய்யில் ஏமாந்தவர் என்று ஒருவரும் இல்லை. இரண்டு வருடம் அதில் தேர்ந்து, நல்ல பெயரெடுத்து, அந்தத் திறமையையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் கிளம்பும்போது பாதிப் பெட்டிகள்தான் ஆகியிருந்தன. பரவாயில்லை, இவர்களும் ஒழுங்காகத் தள்ளிக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்தேன். நான் போன பிறகு சபீனா ஒவ்வொருவரிடமும் கேட்டு, அனுமதி வாங்கி, சனிக்கிழமை வேலைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார். இங்கே தேதியைத் தள்ளிப் படிக்க யாருக்கும் தெரியாது.

வேலையில் எனக்குச் சோதனைக்காலம் முடிய மூன்று வாரம் இருந்தது. வேலை போனால் விசாவும் போகும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். வாசலில் பெட்டிக்கட்டுகள் பிளாஸ்டிக் தாள் சுற்றி மாப்பிள்ளை மாதிரி நின்றன. சபீனா எல்லோரிடமும் "லாரியை மாற்றிவிட்டார்களாம்" என்று சொல்லியிருந்தார். தாரியுஷ் படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளி மாலை பஸ்ஸேறி ஊருக்குப் போய்விடுகிற மனிதர். ஊரில் மனைவியும் ஏழு வயது மகளும் இருக்கிறார்கள்.

"நீங்கள் இந்த வாரம் போகவில்லையா?"

"சீட்டு எடுத்திருந்தேன். நீ பத்து மணி என்று எழுதியிருந்தாயே."

கோபமே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

அன்று மாலை அப்பாவிடம் போனில் சொன்னேன். "ஏய்யா, வேல சீக்கிரம் முடிஞ்சா நல்லதுதானே, அதுக்கா ஏசுறாக?" என்றார். விவரமாகச் சொன்னதும் யோசித்தார். "லாரிக்காரன் தலையில போட்டுரு. அவன் என்ன நார்த்தாமலைக்கா வந்து கேக்கப்போறான்?"

நல்ல யோசனைதான். ஞாயிறு முழுக்க அதையே ஒத்திகை பார்த்தேன். ஆனால் திங்கள் காலை மேலாளர் திருமதி ஹெல்விக், லாரிக் கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமை என்று உறுதி செய்த தாளை என்னிடம் கேட்டார். அப்படி ஒரு தாள் இல்லை என்றேன்.

"அப்படியானால் சனிக்கிழமை என்று யார் சொன்னது?"

"நான்தான்."

"எதற்காக?"

"திங்கட்கிழமைக்குள் முடியட்டும் என்று."

"சனிக்கிழமையே முடித்துவிட்டார்களே?"

"அதை நான் எதிர்பார்க்கவில்லை."

அதையும் குறித்துக்கொண்டார். "சரி, உண்மையான தேதி எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். என் தலையைத் தொட்டுக் காட்டினேன். "உங்களுக்குக் காய்ச்சல் வந்தால்?" என்று கேட்டார். இரண்டு வருட அனுபவத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. பாதி எழுதிய புகாரை எடுத்துக் கிழித்தார். "இதை நான் அனுப்பிய பிறகு உண்மை தெரிந்திருந்தால் இன்றே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார். நான்கு பேரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும், நட்ட அறிக்கையையும் நானே நிரப்ப வேண்டும் என்பதோடு முடிந்தது. வேலை தங்கியது.

பெத்ரா தோளைக் குலுக்கினார். ஊவே, "என் தோட்டத்தில் அடுத்த சனி புல் வெட்ட வா, தேதியை நான் எழுதித் தருகிறேன்" என்றார். சபீனா இரண்டு நாள் பேசவில்லை. வீணான சீட்டுக்கு நான் பணம் தருகிறேன் என்று தாரியுஷிடம் சொன்னேன். "சீட்டுக்காசைக் கம்பெனி கொடுத்துவிடும். என் மகள் ஜன்னலில் நின்றாளே, அதை எந்தக் கணக்கில் போடுவாய்?" என்றார். வாட்ஸ்ஆப்பில் நின்று பார்க்கிற என் வீட்டாரையும் எந்தக் கணக்கில் போடுவது என்று எனக்குத் தெரியாது.

நட்ட அறிக்கையைக் கணினியில்தான் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் இயந்திரக் கோளாறு, தாள் தட்டுப்பாடு, மின்தடை என்று ஒரு பட்டியல். எதிலும் நான் அடங்கவில்லை. கடைசியில் ஒரு வெற்றுக்கட்டம் இருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு 'புதுக்கோட்டை' என்று அடித்தேன். திருமதி ஹெல்விக் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த இயந்திரம்?"

"இயந்திரம் இல்லை. ஊர்."

"திரும்பவும் பழுதாகுமா?"

"நான் இருக்கும்வரை கொஞ்சம் ஆகும்" என்றேன். சிரிக்காமல் ஒப்புதல் கொடுத்தார். ஒப்புதலான காரணங்களை அந்தக் கணினி மறப்பதில்லை. இப்போது யார் எந்த நட்டத்தைப் பதிய உட்கார்ந்தாலும், தாள் தட்டுப்பாட்டுக்கும் மின்தடைக்கும் கீழே என் ஊர் வந்து நிற்கிறது. அதற்கு நேரே இதுவரை உள்ளது ஒரே ஒரு பதிவு: நான்கு பேரின் இருபது மணி நேரம், ஒரு பஸ் சீட்டு; ஆக எழுநூற்றுத் தொண்ணூற்றாறு யூரோ.