புன்னே படுத்திருந்த அறை

எங்கள் சந்தில் இடிந்து கிடந்த ஓட்டு வீடுகளை நகராட்சி உதவியோடு புதுப்பிக்கத் தொடங்கிய காலத்தில், தால்சூ அண்ணனோடு சண்டை போடாத இன்ஜினியர் ஒருவர்கூட இல்லை. அவர் தரை போடுகிற கொத்தனார். எந்தப் பழைய வீட்டுக்குள் விட்டாலும் முதலில் கடப்பாரையைத்தான் எடுப்பார். அடுப்புப் புகை தரைக்கல்லுக்கு அடியில் ஓடி அறையைச் சூடாக்குகிற பழைய ஏற்பாடு அவர் கண்ணில் படக்கூடாது. கல்லையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு வெந்நீர்க் குழாய் பதித்துவிடுவார்.

"பழைய வீடுன்னா தரையும் பழசா இருக்க வேணாமா?" என்று இன்ஜினியர் கேட்டால், "பழசு வேணும்னா அண்ணாந்து கூரையைப் பாரு. தரையில மனுஷன் தூங்கணும்" என்பார்.

சந்து முனையில் என் நூடுல்ஸ் கடை. அங்கே உட்கார்ந்து அவரை முட்டாள் என்று திட்டிய ஒரு இன்ஜினியரின் கிண்ணத்தில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். காரணம் தெரியாமல் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்குக் கல்யாணமாகி இந்தச் சந்துக்கு வந்த புதிதில், எதிர்வீட்டு ஒற்றை அறையில் அவரும் அவர் மனைவி புன்னேயும் குடியிருந்தார்கள். ஊரார் தரையையெல்லாம் பூசுகிறவருக்குத் தன் வீட்டுத் தரை விரிசலைப் பூச நேரமில்லை. "குளிர் போகட்டும், பூசிடறேன்" என்றார். புன்னே விரிசல்மேல் காகிதத்தை ஒட்டி வைத்தாள்.

ஒரு காலையில் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து விழுந்தார். இரவெல்லாம் அடுப்பில் எரிந்த கரியின் நச்சுப் புகை விரிசல் வழியாக ஏறியிருந்தது. உள்ளே புன்னேவுக்கு மூச்சு இருந்தது. அப்போதெல்லாம் இதற்கு எங்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்றுதான்: தோங்சிமி. முள்ளங்கி ஊறிப் புளித்த தண்ணீர். சந்தே கிண்ணமும் கையுமாக ஓடியது. என் மாமியார் ஜாடியின் மேல் உறைந்திருந்த பனிக்கட்டியை உடைத்து மொண்டு வந்தார். தால்சூ அண்ணன் அவள் தலையை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக ஊற்றினார். "குடிக்கிறா பாருங்க, இப்ப எந்திரிச்சிடுவா" என்றார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கு என்று ஒரு வாயிலிருந்தும் வரவில்லை. கடைசியில் யாரோ சொன்னபோது வெயில் ஏறிவிட்டது. புன்னே எழுந்திருக்கவே இல்லை.

அதன்பின் அந்த அறைக்கு யாரும் வாடகைக்கு வரவில்லை. வீட்டுக்காரர் பூட்டிப் போட்டார், கூரையும் விழுந்தது. அண்ணன் பக்கத்துத் தெருவுக்குப் போய்விட்டார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அந்த வீட்டைத்தான் ஹேவோன் என்ற பெண் கைக்குழந்தையோடு வந்து வாங்கினாள். விறகு எரிக்கிற பழைய தரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"அந்த அறையிலயா? மாட்டேன்" என்றார் அண்ணன்.

"சரி தாத்தா, வேற ஆளைப் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்து நின்றார். "வேற எவனோ போட்டு, அந்தக் குழந்தைக்கு ஏதாவது..." என்று என்னிடம் ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

மதியம் சூப் கொண்டு போனேன். தரையைத் திறந்துவிட்டு அடுப்போரமாக மண்டியிட்டிருந்தார். இரண்டு கல்லுக்கு நடுவே பூச்சு உதிர்ந்து அதே பழைய விரிசல். பிசைந்த களிமண்ணை ஒரு கை அள்ளி அதில் வைத்து அழுத்தினார். அடைத்துக்கொண்டது. வெறுங்கையை என்னிடம் நீட்டிக் காட்டினார்.

"ஒரு கை மண்ணு தங்கச்சி. அவ்வளவுதான்."

சூப் ஆறிப்போயிற்று, அவர் தொடவில்லை.

பிறகு எல்லாவற்றையும் பெயர்த்து, ஒவ்வொரு கல்லாகப் புதிதாகப் பதித்தார். பூச்சு காய்ந்ததும் அடுப்பில் பச்சைப் பைன் கிளையை எரித்துப் புகை மூட்டி, எங்காவது கசிகிறதா என்று தரையில் மூக்கை வைத்துத் தவழ்ந்தார். கசியவில்லை. மறுபடி மூட்டினார். மறுபடி தவழ்ந்தார். "தாத்தா, என் குழந்தைகூட இவ்வளவு தவழாது" என்று சிரித்தாள் ஹேவோன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

குடிபுகுந்த அன்று சந்துக்கெல்லாம் சிவப்புப் பயறு தூவிய அரிசிக் கேக் கொடுத்தாள். மதியம் அடுப்பை மூட்டி, அந்த அறையில் குழந்தையைத் தூங்கப் போட்டாள். அண்ணன் உள்ளேயும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. வாசற்கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"ரொம்ப நேரமாச்சே, எழுப்பும்மா" என்றார்.

"இப்பத்தான் தாத்தா கண் அசந்துச்சு."

"ஒரு தடவை எழுப்பிப் பாரேன்மா."

அவள் என்னைப் பார்த்தாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே குழந்தை வீறிட்டது. பால் கேட்டு, கோபமாக, நல்ல தெம்பாக அழுதது.

"எந்திரிச்சிருச்சு தங்கச்சி" என்றார். "எந்திரிச்சிருச்சு."

புன்னேயைப் புதைத்த அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், சந்தே பார்க்க அந்த வாசலில் உட்கார்ந்து அழுதார்.