இரண்டு பதினொன்றுகள்

சட்டையில் கிரீஸ் கறை இருக்கிறவர் கையில் ஒரு நல்ல ஓவியம் இருந்தால், அது திருடியதாகத்தான் இருக்க வேண்டுமா? சொல்லுங்கள்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வருகிறவர், கையெழுத்திட்ட அச்சோவியங்களைச் சேர்க்கிறார். செம்புத் தகட்டில் ஓவியர் கோடு கீறி, மை தடவி, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுப்பது அச்சோவியம். முப்பது தாள் என்றால் முப்பதுதான். பிறகு தகட்டின் குறுக்கே கீறிக் கெடுத்துவிடுவார்கள். தாளின் அடியில் பென்சிலால் வரிசை எண்ணும் கையெழுத்தும் இருக்கும்.

வெயில் பட்டால் தாள் பழுத்துவிடும். அதனால் அவர் வீட்டில் படங்களெல்லாம் பீரோவை ஒட்டிய இருட்டு மூலையில் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. முதலில் வாங்கியது வளைந்து இறங்கும் ஒரு படிக்கட்டு. எண் 11/30.

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் வீட்ல படிக்கட்டுப் படம்! உங்க கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்பார் மனைவி.

"படிக்கட்டு பாதி வழியில நின்னுபோகாது. அதான் புடிச்சிருக்கு."

அந்தப் படிக்கட்டை வரைந்த ஓவியரின் வாழ்நாள் படைப்புகளுக்கு ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். பிரதி வைத்திருப்பவர்கள் தந்து உதவலாம் என்றார்கள். இவர் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல், படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். எண்ணைப் பார்த்ததும் கண்காட்சி மேலாளரின் முகம் மாறியது. சுவரில் ஏற்கெனவே அதே படிக்கட்டின் பதினொன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு சிமெண்ட் ஆலை முதலாளி தந்தது.

"இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"எடுக்கல சார், வாங்கினேன். அந்த ஓவியரம்மாவோட பட்டறையிலயே."

"ரசீது?"

"அதெல்லாம் எப்பவோ போச்சு. அவங்க உயிரோடதானே இருக்காங்க? கேளுங்க."

படத்தை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். போலீஸுக்குச் சொல்ல வேண்டிவரும் என்று மரியாதையாக மிரட்டி அனுப்பினார்கள். முதலாளியிடம் ரசீது கேட்டார்களா? இல்லை. கையைப் பார்த்து விதி சொல்கிறவனும் சட்டையைப் பார்த்துத் திருடன் என்கிறவனும் ஒரே ரகம். ஆதாரம் கேட்டால் இருவருக்கும் கோபம் வரும்.

வீட்டில் வெறும் ஆணியைப் பார்த்து மனைவி சொன்னார்: "போனா போகுதுங்க. வேற வாங்கிக்கலாம்."

"படம் போனா போகட்டும். திருடன்னு பேர் வந்துட்டா எந்தக் கட்டடத்துல என்னை உள்ள விடுவான்?"

மறுநாள் ஓவியர் வந்தார். எண்பதை நெருங்கும் பெண்மணி. இரண்டு படிக்கட்டுகளையும் மேசைமேல் வைத்து லென்ஸால் பார்த்தார். சிரித்துவிட்டார்.

"ரெண்டும் என் கைதான். அடுக்கி வச்சு நம்பர் போடும்போது நடுவுல டீ குடிக்க எழுந்து போயிருப்பேன். வந்து பன்னெண்டு போட வேண்டிய தாள்ல மறுபடியும் பதினொண்ணு போட்டுத் தொலைச்சிருக்கேன், அடுத்ததுக்குப் பதிமூணு போட்டிருப்பேன். பன்னெண்டு யார்கிட்டயாவது இருக்கான்னு பாருங்க. இருக்காது."

விற்பனைப் பதிவுகளைப் புரட்டினார்கள். பன்னிரண்டு யாரிடமும் இல்லை.

மேலாளர் அசரவில்லை. பென்சில்தானே, லிஃப்ட்காரருடையதை அழித்துப் பன்னிரண்டு ஆக்கிவிடலாமே என்று ரப்பரை நீட்டினார்.

"ஏன் சார், என்னோடத?" என்றார் லிஃப்ட்காரர்.

ஓவியர் ரப்பரைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"யாரோடதையும் தொட மாட்டேன். முதல்ல இவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேலாளர். அதற்குப் பெயர் மன்னிப்பா? தப்பாக எடுத்துக்கொண்டது யார்?

இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. முதலாளியின் படத்துக்குக் கீழே அவர் முழுப்பெயர், பட்டங்களோடு. இன்னொன்றின் கீழே 'தனியார் சேகரிப்பு' என்று மட்டும். பெயர் போடுங்கள் என்று இவர் கேட்டதற்கு, அட்டை அச்சாகிவிட்டது என்றார்களாம். நாற்பது வருடப் படங்களுக்கு இடம் கண்டவர்களுக்கு ஒரு பெயருக்கு இடம் இல்லை.

கண்காட்சி இந்த மாதக் கடைசிவரை இருக்கிறது. நுழைவு இலவசம். போங்கள். பெயர் போடாத அந்தப் படிக்கட்டின் முன்னால் நின்று, மேலாளர் அறை வரைக்கும் கேட்கிற மாதிரி, "இது யாருடையது?" என்று கேளுங்கள்.