ராகு காலத்தில் வந்த ரிப்போர்ட்

ஆரணியில் இத்தனை வருஷம் ரத்தம் எடுத்திருக்கிறேன். ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்த பயில்வானைப் பார்த்திருக்கிறேன். ஒரு கையில் எடுத்தால் வலிக்கும், ரெண்டு கையிலும் பாதிப் பாதி எடு என்று சொன்னவரையும் பார்த்திருக்கிறேன். ஆனால் ரிப்போர்ட் வெளியே வரக்கூடாது என்று பிரிண்டர் பிளக்கையே பிடுங்கியவர் ராஜாமணி அம்மா ஒருத்தர்தான்.

"வெள்ளிக்கெயம, பத்தரையிலேர்ந்து ராகு காலம். பன்னெண்டு ஆகட்டும், அப்புறம் எடு. நான் இன்னா வேணாம்னா சொல்றேன்?" என்று சொல்லிவிட்டு, பிடுங்கின பிளக்கைக் கையிலேயே பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

எங்களுடையது சின்ன கலெக்‌ஷன் சென்டர். ஒரு நாற்காலி, ஒரு ஃபிரிட்ஜ், ஒரு பிரிண்டர், நான். ரத்தம் எடுத்து சென்னை லேபுக்கு அனுப்புவோம். ரிப்போர்ட் மெயிலில் வரும், பிரிண்ட் போட்டுக் கொடுப்போம். அதைப் படித்து விளக்குவது பக்கத்து ரூம் டாக்டரம்மா வேலை. நான் வாயைத் திறக்கக் கூடாது. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

1. ஐஸ் போடாத ரத்தம்

ராஜாமணி அம்மாவின் மருமகள் கோமதி. ரெண்டு பேருமே பட்டு நெய்கிறவர்கள். கோமதிக்கு இது முதல் பிரசவம். குழந்தைக்குக் குரோமோசோம் குறை இருக்குமா என்று முதலில் பார்க்கும் டபுள் மார்க்கர் டெஸ்ட் நல்லதும் இல்லாமல் கெட்டதும் இல்லாமல் நடுவாந்திரமாக வந்ததால், டாக்டரம்மா என்.ஐ.பி.டி. எழுதிக் கொடுத்தார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நஞ்சுக்கொடியிலிருந்து டிஎன்ஏ துணுக்குகள் அம்மாவின் ரத்தத்தில் கலந்து ஓடும். வயிற்றில் ஊசி போடாமல், கையில் எடுத்த ரத்தத்திலேயே அதை எண்ணிப் பார்த்துவிடலாம். இருபத்தொண்ணாம் நம்பர் குரோமோசோம் ரெண்டுக்குப் பதில் மூணு இருந்தால் அது டவுன் சிண்ட்ரோம். இந்த டெஸ்ட் வெறும் சல்லடைதான். ஹை ரிஸ்க் என்று வந்தால் பனிக்குட நீரை எடுத்து இன்னொரு டெஸ்ட் செய்து பார்த்துத்தான் உறுதியாகச் சொல்வார்கள்.

இதற்கென்றே தனி டியூப் உண்டு. அதை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. நான் டியூபைச் சும்மா டப்பாவில் வைத்ததைப் பார்த்த ராஜாமணி அம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"அரைக் கிலோ மீன் வாங்கினாலே ஐஸ் போட்டுத் தரான். எம் பேரப்புள்ள ரத்தத்துக்கு ஐஸ் போடமாட்டியா?"

"போட்டா கெட்டுடும்மா."

"ஐஸ் போட்டா கெட்டுடுமா? நல்லா இருக்குதே உன் நியாயம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அப்டியே ஆணா பொண்ணான்னு மட்டும் காதுல சொல்லிடு" என்றார்.

அதைச் சொன்னால் என்னைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றேன். "உன்ன யாரு புடிக்கப் போறா, புடிச்சாலும் உன் பேச்சு தாங்காம வுட்டுடுவான்" என்றார்.

2. மூணு பேர், மூணு ரகசியம்

ரிப்போர்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த நாட்களில் அந்த வீட்டிலிருந்து ஒவ்வொருவராக என்னைத் தனியாகப் பார்க்க வந்தார்கள்.

முதலில் மாமியார். "மோசமா வந்துச்சுன்னா கோமதி கையில குடுத்துடாதம்மா. பயந்த பொண்ணு. நார்மல்னு சொல்லி அனுப்பு, நான் மெதுவா பக்குவமா சொல்லிக்கறேன்."

அப்புறம் மகன் முரளி. செய்யாறில் ஒரு கம்பெனியில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, யூனிஃபார்மோடு வந்தார். "எனக்கு வாட்ஸப்ல போட்டுடுங்க சிஸ்டர். அம்மாவுக்கு பிபி இருக்குது. கோமதியும் தாங்கமாட்டா."

கடைசியில் கோமதி. "மொதல்ல எங்கிட்ட குடுங்கக்கா. அவரு மிஷின்ல நிக்கறவரு. எதுனா யோசிச்சுகினு கைய உள்ள வுட்டுட்டா?"

மூணு பேருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். "டியூப்ல கோமதின்னு எழுதியிருக்கு. கோமதி கையிலதான் குடுப்பேன்."

கோமதி மட்டும் போகாமல் நின்றாள். அவளோடு அவள் அண்ணன் பாபுவும் வந்திருந்தான். பாபுவுக்கு டவுன் சிண்ட்ரோம். அம்மா போனதிலிருந்து தங்கச்சி வீட்டில்தான் இருக்கிறான். ஊடை நூலைக் குச்சியில் சுற்றித் தரும் தார் மிஷின் அவன் பொறுப்பு. அதை வேறு யாராவது தொட்டால் அன்றைக்கு அந்தத் தெருவே பேஜார்.

அவன் வாசலில் நின்று பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டிருந்தபோது கோமதி சொன்னாள்: "பாபு மாதிரி கொயந்தன்னா எனக்குப் பயமில்லக்கா. அவன வளத்தவளே நான்தான். ஆனா இவரு மனசுல இன்னா இருக்குதுன்னு தெரியல. கேட்டா 'எல்லாம் நல்லதே வரும்'ங்கறாரு. வரலன்னா? கொயந்த வேணாம்னு சொல்லிடுவாரோன்னு பயமா இருக்குது. அது தெரியாம ரிப்போர்ட்ட எப்டிக்கா பிரிக்கறது?"

பயந்த பொண்ணு என்று மாமியார் சொன்னது சரிதான். ஆனால் எதற்குப் பயம் என்பதைத்தான் அந்த வீட்டில் யாரும் தெரிந்துவைத்திருக்கவில்லை.

3. ஹாலில் பாயிண்ட் இல்லை

அந்த வெள்ளிக்கிழமை மெயில் வந்ததும் கோமதிக்குத்தான் போன் செய்தேன். அவள் தறியில் இருந்தாள். ரெண்டு கையும் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். ரகசியம் அந்த நிமிஷமே வீட்டுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. ஒரே ஆட்டோவில் நாலு பேரும் வந்து இறங்கினார்கள். மாமியார் எனக்குக் கண்ணைக் காட்டினார். முரளி இருமினார். நான் யாரையும் பார்க்காமல் பிரிண்ட் கொடுக்கப் போனேன். அப்போதுதான் பிளக் போனது.

எனக்கு வந்த கோபத்துக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். கோமதிதான் "இருக்கட்டும்க்கா, காத்துகினு இருக்கலாம்" என்றாள். அவளுக்கும் அந்தப் பேப்பர் உடனே வர வேண்டாம் போலிருந்தது.

உட்கார்ந்தோம். நைட் ஷிஃப்ட் முடித்த முரளி சுவரில் சாய்ந்து பாதித் தூக்கத்தில் இருந்தார். பாபுவுக்கு மட்டும் சும்மா இருக்க முடியவில்லை. பிரிண்டரைத் தட்டிப் பார்த்தான்.

"இதுல இன்னா வரும்?"

"உன் தங்கச்சி ரிப்போர்ட்டு" என்றேன்.

"எதுக்கு?"

ராஜாமணி அம்மா முந்திக்கொண்டார். "சக்கரப்பா. சக்கர இருக்குதான்னு பாக்கறாங்க."

"அவங்கிட்ட பொய் சொல்லாதீங்கத்த" என்றாள் கோமதி. அண்ணன் பக்கம் திரும்பினாள். "வயித்துல இருக்கற பாப்பா உன்ன மாதிரி இருக்குமான்னு பாக்கறாங்கண்ணா."

எனக்கு அங்கே இருக்கவே கூச்சமாக இருந்தது. அடுக்கி வைத்த பஞ்சையே மறுபடி அடுக்கினேன்.

பாபு கொஞ்ச நேரம் யோசித்தான். முகம் சுருங்கிப் போயிற்று. முரளியைப் போய் உலுக்கினான்.

"மாப்ள, பாப்பா என்ன மாதிரி இருந்துச்சுன்னா எம் மிஷின அதுக்குக் குடுத்துடுவியா?"

முரளி கண்ணைத் திறந்தார். "உன் மிஷின எதுக்கு மச்சான் குடுக்கறேன்? அதுக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்."

"என் ரூம்ல போடக்கூடாது."

"ஹால்ல போட்டுக்கலாம்."

"நான் சொல்லித் தரமாட்டேன்."

"நீ சொல்லித் தராம வேற யாரு சொல்லித் தருவாங்க? எனக்குத் தார் சுத்தத் தெரியுமா?"

மிஷினை எங்கே போடுவது, யார் முதலில் உட்காருவது என்று ரெண்டு பேரும் நிஜமாகவே சண்டை போட ஆரம்பித்தார்கள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று முரளிக்குத் தெரியவே தெரியாது. நான் கோமதியைப் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாமியார் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"பிளக்க குடுங்கத்த."

பன்னிரண்டு ஆக இன்னும் நிறைய நேரம் இருந்தது. ராஜாமணி அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிளக்கை மருமகள் கையில் வைத்தார்.

"ஹால்ல பாயிண்ட்டே இல்ல. ஒயரிங் புதுசா இழுக்கணும்" என்றார்.

பேப்பர் வந்தது. கோமதி வாங்கிக்கொண்டு டாக்டரம்மா ரூமுக்குப் போனாள். மற்ற மூணு பேரும் பின்னாலேயே போனார்கள்.

இதை எங்கே சொன்னாலும், "ஹையா லோவா?" என்று கேட்கிறார்கள். அது கோமதியின் பேப்பர், நான் சொல்லமாட்டேன். அவள் தெரிந்துகொள்ள வேண்டியதை அந்தப் பேப்பர் வருவதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டுவிட்டாள்.

எனக்கு அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது. கோமதி மனசில் கிடந்த அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய நேரம் ரிப்போர்ட் வருகிற நேரம் இல்லை. இப்போதெல்லாம் இந்த டெஸ்டுக்கு வந்தால், கையில் ரப்பர் கட்டுவதற்கு முன்னால் ரெண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்கிறேன்: "எப்படி வந்தாலும் இன்னா பண்றதுன்னு பேசிட்டீங்களா?" பாதிப் பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறார்கள். அவர்களை எதிர்க்கடைக்கு அனுப்பிவிடுவேன், டீ குடித்துப் பேசிவிட்டு வாருங்கள் என்று. ரத்தம் எங்கே ஓடிப்போகப் போகிறது?