நாடித் தழும்பும் என் பென்சிலும்

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரச் சிப்பாய்கள் புத்தளத்தை விட்டுக் கப்பலேறிய பிறகு, என் ஸ்டூடியோவுக்கு மிஞ்சியவர்கள் கல்யாணத்துக்கு நின்ற பெண்பிள்ளைகள்தான். சிப்பாய்களை உள்ளது உள்ளபடியே எடுத்தேன். பெண்பிள்ளைகளை அப்படி எடுக்க என் கலை இடம் தரவில்லை. கூரையில் கண்ணாடி பதித்து வெளிச்சம் இறக்கியிருந்தாலும், என் பெருமையெல்லாம் காதிடுக்கில் செருகிய பென்சிலில்தான் இருந்தது. கண்ணாடி நெகட்டிவில் அதன் முனையால் தடவினால், படத்தில் அந்த இடம் வெளுத்துவிடும். சுருக்கம், மரு, தழும்பு எல்லாம் போய்விடும். இதற்கு டச்சிங் என்று பெயர். ஆண்டவன் அவசரத்தில் விட்டதை நான் ஆறுதலாகத் திருத்துகிறேன் என்று சொல்லித் திரிந்தேன்.

ஹஜ்ஜுக்குப் போகப் படமெடுத்த உப்பு வியாபாரி ஒருவர், “தம்பி, படம் நல்லாத்தான் ஈக்கிது. இது என்டயா, என்ட மகன்டயா?” என்று கேட்டார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்கும் கல்யாண வயது தாண்டிக்கொண்டிருந்தது. முன்னேஸ்வரத்தில் இருந்த அம்மா ஒரு தரகரைப் பிடித்தார். அவர் கொண்டுவந்த உடப்பு ஊர்ப் பெண்ணின் படத்தைப் பார்த்ததும் சொக்கிப்போனேன். என்ன கண், என்ன கன்னம், நாடியில் என்ன பளபளப்பு! பின்பக்கம் திருப்பினால் என் ஸ்டூடியோ முத்திரை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? எடுத்தது நான் என்று தெரிந்தது. அவள் யார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அலுமாரியில் நெகட்டிவைத் தேடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அதிலும் முகம் முழுக்க என் பென்சில்தான். அதற்கு அடியில் ஒரு பெண் இருந்தாளே என்று யோசிக்கிற புத்தி அப்போது இல்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று அம்மாவிடம் அடித்துச் சொன்னேன்.

அம்மாவும் நானும் தரகரும் பெண் பார்க்க உடப்புக்குப் போனோம். வாசலில் காய்ந்த வலையைத் தாண்டி உள்ளே போய்க் கதிரைகளில் உட்கார்ந்தோம். சொந்தக்காரர் கூடியிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மாநிறம், அகன்ற முகம், உதட்டுக்குக் கீழே நாடியில் கறுத்த நீளத் தழும்பு. அக்காவாக்கும் என்று நினைத்தேன். நுணலும் தன் வாயால் கெடும். கோப்பையை வாங்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டேன்:

“தங்கச்சி இன்னும் வெளிக்கிடல்லையா?”

தரகர் இருமினார். அம்மா என் தொடையில் கிள்ளினார். பெண்ணின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பினார். அவள்தான் அவரைக் கையால் மறித்தாள்.

“தங்கச்சி எண்டு ஒருத்தி இல்ல. நான்தான் பொண்ணு. இது சின்னதில தோணி விளிம்பில அடிபட்ட தழும்பு. படம் எடுக்கக்குள்ள இத அழிக்க வேணாம், பார்க்க வாறவர் ஏமாறுவார் எண்டு சொன்னேன். ‘படத்தப் பத்தி எனக்குத் தெரியும், நீங்க சும்மா இரிங்க’ எண்டீங்க. இப்ப ஆர் ஏமாந்தது?”

சொந்தக்காரர் முன்னால் அவளை இப்படி அவமானப்படுத்திவிட்டேனே என்று மனம் சுட்டது. திரும்பி வரும் வழி முழுக்க அம்மா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கோ, தழும்போடு நின்று என்னைக் கேள்வி கேட்ட அவளையே கட்ட வேண்டும் போலிருந்தது. அதைப் போய்ச் சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது?

சில நாளில் தகப்பனோடு அவளே ஸ்டூடியோவுக்கு வந்தாள்.

“அடுத்த மாப்பிள்ளைக்குக் காட்டப் படம் வேணும். பென்சில் படக்கூடாது.”

எடுத்தேன். இருட்டறையில் கழுவிப் பார்த்தால், என் தொழிலில் அப்படி ஒரு படம் அதுவரை விழுந்ததில்லை. தழும்பும் இருந்தது, அவளும் இருந்தாள். இதை எவனோ ஒருவன் கையில் எப்படிக் கொடுப்பது? வாங்க வந்தபோது, “நெகட்டிவ் தகடு பழுதாப்போச்சு, திரும்ப எடுக்க வேணும்” என்றேன். எடுத்துவிட்டு மறுமுறையும் அதையே சொன்னேன். ஒரு தகட்டைக்கூடக் கெடுத்ததில்லை என்று புத்தளம் முழுக்கப் பீற்றித் திரிந்த வாய் அது.

மூன்றாம் தரம் அவள் உட்காரவில்லை. கெமராவின் கறுப்புத் துணிக்குள் இருந்த என்னைத் தலையை வெளியே எடுக்கச் சொன்னாள்.

“தகடு பழுதாகல்ல. உங்கட முகத்திலேயே தெரியிது. அதுக்கு நீங்க டச்சிங் செய்யல்ல.”

தகப்பன் அண்ணாந்து கூரைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அலுமாரியைத் திறந்து, தழும்போடு எடுத்து ஒளித்து வைத்திருந்த அந்த முதல் படத்தை நீட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

“இதத் தரகர்ட்ட குடுக்கவா, உங்கட அம்மாட்ட குடுக்கவா?”

“அம்மாட்ட” என்றேன்.

“அப்ப நீங்களே கொண்டுபோங்க” என்று படத்தை என் கையிலேயே வைத்தாள்.

அன்றைக்கே முன்னேஸ்வரத்துக்கு ஓடினேன். பென்சில் படாத படம், வெளிச்சம் விழுந்திருக்கிற விதத்தைப் பாருங்கள் என்று அம்மாவுக்கு விளக்கத் தொடங்கினேன். அம்மா படத்தை வாங்கி, பார்க்காமலே சாமித்தட்டில் வைத்தார்.

“எனக்கெதுக்குப் படம்? நான் அண்டைக்கே பொண்ணப் பார்த்திட்டன். நீதான் பார்க்கல்ல.”