ஆடு தின்னாத செடி

உலகம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் வந்த வினைதான் இத்தனையும்.

என் பெயர் சிவசங்கரன். சேரன்மகாதேவியில் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். காரும் பிசானமும் என்று இரண்டு போகம் நெல் விளைகிற பூமியில் பிறந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. வாய்க்கால் ஓடாத நிலத்தை அவன் நிலம் என்றே மதிக்க மாட்டான். அந்த வியாதியோடுதான் 1994-இல் ராதாபுரம் தாலுகாவில், உடையடியூர் என்கிற ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலராக வந்து சேர்ந்தேன். ஊர்க்காரர்கள் பழைய வழக்கப்படி என்னைக் கணக்கப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள்.

ஊருக்குத் தெற்கே நூற்றுப் பன்னிரண்டு ஏக்கர் சர்க்கார் நிலம் கிடந்தது. செம்மண், சரல், அங்கங்கே உடைமரம். ஊரில் அதைக் காடு என்பார்கள். எந்த நிலத்தில் என்ன விளைகிறது என்று வருஷா வருஷம் பார்த்து எழுத அடங்கல் என்று ஒரு பதிவேடு உண்டு. அதில் எனக்கு முன்னால் இருந்தவர் இந்த நிலத்துக்கு நேரே 'தரிசு' என்று எழுதியிருந்தார். நானும் எழுதினேன். நிலத்தைப் பார்த்து எழுதவில்லை, போன வருஷப் பக்கத்தைப் பார்த்து எழுதினேன்.

1997 தை மாதம் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. காட்டாமணக்கு நடுவார்களாம். விதையை ஆட்டி எண்ணெய் எடுத்தால் டீசலுக்குப் பதிலாக லாரி ஓட்டலாமாம். நூற்றுப் பன்னிரண்டு ஏக்கரையும் முப்பது வருஷக் குத்தகைக்குக் கேட்டார்கள். மேனேஜர் ஹரீஷ் நல்ல மனுஷன், சொன்னதை எல்லாம் அவனே நம்பினான். "சும்மா கிடக்கிற நிலம் சார். உரம் வேண்டாம், தண்ணி வேண்டாம். வேலிகூட வேண்டாம், ஆடு இதைத் தொடவே தொடாது" என்றான்.

அந்த நிலம் யாருக்காவது உபயோகப்படுகிறதா என்று தாலுகாவிலிருந்து அறிக்கை கேட்டார்கள். 'எவ்வித உபயோகத்திலும் இல்லை' என்று எழுதினேன். பக்கத்தில் நின்ற தலையாரி சங்கிலிபூதத்தான் தொண்டையைச் செருமினான்.

"ஐயா, அங்கன உலகம்மா ஆடு மேய்க்கா..."

"ஆடு எங்கதான் மேயாது? போலே" என்று அவன் வாயை அடைத்துவிட்டேன்.

உலகம்மாளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லை என்று புருஷன் வீட்டில் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவள் யார் வீட்டிலும் போய் ஒண்டவில்லை. இரண்டு குட்டி வாங்கினாள். அது நாற்பத்து மூன்று உருப்படியாகப் பெருகியிருந்தது. குரல் கொடுத்தால் அடுத்த ஊர் ஆடும் திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு கிடாவுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாள். படுத்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமல் தின்கிற கிடா ஒன்று, அதற்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. எனக்குக் கோபம்தான், ஆனால் கேட்க வாய் வரவில்லை.

குத்தகை உத்தரவு கைக்கு வருவதற்கு முன்னாலேயே கம்பெனிக்காரர்கள் எல்லைக்கல் நட்டார்கள், ஓரத்தில் நாற்றங்கால் போட்டு ஆழ்குழாய்க் கிணறு இறக்கினார்கள். இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் உலகம்மாள் என் அலுவலகத்து வாசலில் நின்றாள்.

"கணக்கப்புள்ள, எங்க காட்டுக்கு என்ன பேரு எழுதியிருக்கிய?"

"தரிசுன்னு இருக்கும்மா."

"அப்படின்னா?"

"ஒண்ணுக்கும் ஆகாம சும்மா கெடக்கிற நெலம்."

"எட்டு வருசமும் எங்க மாமியா என்னைய அப்படித்தான் சொன்னா. எந்திரிங்க, ஒரு நடை போய்ப் பாத்துட்டு வருவோம்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. எழுந்து நடந்தேன். வேலைக்கு வந்த மூன்று வருஷத்தில் அந்தக் காட்டுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

வெயில் காலத்தில் வேறெங்கும் பச்சை இல்லாதபோது உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகிற உடை நெற்றை, அந்த மரத்தின் காய்ந்த காய்களைக் காட்டினாள். ஊர்ப் பெண்கள் விறகு ஒடிக்கிற இடத்தைக் காட்டினாள். ஒரு பக்கம் பழைய உழவுசால் தெரிந்தது. ஐப்பசி மழைக்குப் பதினோரு குடும்பம் அங்கே காணம் என்கிற கொள்ளு விதைத்து எடுக்கிறதாம். நான் வீட்டுக்குள் இருந்து அடங்கல் எழுதியதால் எனக்கு அது விளைந்ததும் தெரியவில்லை, அறுத்ததும் தெரியவில்லை. கடைசியாக ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றுக்குக் கூட்டிப் போனாள். காட்டில் பெய்கிற மழைதான் பள்ளத்தில் நின்று ஊறி அந்தக் கிணற்றுக்கு வருகிறது. இறைத்துக் கொடுத்த தண்ணீர் லேசாகக் கரித்தது.

"கொழா எறக்கி ரெண்டு மாசந்தான் ஆவுது" என்றாள்.

தண்ணீர் வேண்டாம் என்றாயே என்று ஹரீஷிடம் கேட்டேன். "உசுரோட நிக்கத் தண்ணி வேண்டாம் சார். காய்க்கணும்னா வேணும்" என்றான். இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். இத்தனை நாள் நான் கேட்கவே இல்லை என்பதும் அப்போதே உறைத்தது.

ஜூன் மாதம் ஜமாபந்தி வந்தது. எல்லா ஊர்ப் பதிவேடுகளையும் சப்-கலெக்டர் தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிற நாள் அது. ஜனங்கள் நேரில் மனு கொடுக்கலாம். குத்தகைக் கோப்பும் அன்றைக்கு மேஜைக்கு வந்திருந்தது. உலகம்மாள் மனு எதுவும் கொண்டு வரவில்லை. ஒன்பது மைல் நடந்து ஆறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள்.

பியூன் விரட்டினான், ஆடுகள் நாலாபக்கமும் சிதறின, கூட்டம் சிரித்தது. சத்தம் கேட்டு சப்-கலெக்டர் அம்மா வெளியே வந்தார். உலகம்மாள் தலைச்சுமையை இறக்கி ஒரு கட்டுக் காட்டாமணக்குக் கொப்பைத் தரையில் போட்டாள். ஆடுகள் வந்து மோந்து பார்த்துத் தும்மிவிட்டு விலகின. பிறகு சாக்கை அவிழ்த்து உடை நெற்றைக் கொட்டினாள். ஆறும் முண்டியடித்தன. சோம்பேறிக் கிடாகூட எழுந்து நின்று தின்றது.

"அம்மா, இந்தச் செடிய நாங்க வேலியிலதான் வைப்போம். ஆடு உள்ள வரப்பிடாதுன்னு வைப்போம். இவுக நூறு ஏக்கருக்கும் வேலியவே நடப் பாக்காக. வேலியா நட்டுட்டா உள்ள என்னதான் இருக்கும்?"

சப்-கலெக்டர் கோப்பை வாங்கிப் புரட்டினார். "உடையடியூர் வி.ஏ.ஓ. யாரு?"

முன்னே போனேன்.

"எவ்வித உபயோகத்திலும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நேர்ல பார்த்து எழுதினீங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுடைய நாற்பத்து மூன்று ஆட்டை விட என் எழுத்துக்குத்தான் அந்த அலுவலகத்தில் மதிப்பு. உலகம்மாள் என்னைப் பார்க்கவில்லை, குனிந்து நெற்றை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. உக்காந்த எடத்துலயே எழுதினேன். பொய்யான அறிக்கை."

மெமோ கொடுத்தார்கள், ஒரு வருஷ ஊதிய உயர்வை நிறுத்தினார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள், குத்தகை நின்றது, ஆழ்குழாயை மூடினார்கள். அடுத்த மழையில் கிணற்றுத் தண்ணீர் தெளிந்தது.

கம்பெனி பக்கத்து ஊரில் தனியார் நிலமாகப் பார்த்துப் பிடித்தது. அங்கே உடைமரத்தை எல்லாம் தூரோடு பிடுங்கினார்கள். 1999-இல் போய்ப் பார்த்தேன். செடி ஆள் உயரம் நின்றது, ஒரு செடிக்கு ஒரு கைப்பிடிக் காய்கூட இல்லை. தண்ணீர் இறைத்து இறைத்துக் கிணறு உப்பாகிவிட்டது. கொட்டையைக் கடலை என்று தின்ற பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தன. ஆடு வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். லாரி எதுவும் அந்த எண்ணெயில் ஓடவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் குடத்தோடு எங்கள் கிணற்றுக்குத்தான் வந்தார்கள்.

அந்த வருஷ அடங்கலை நான் காட்டுக்குள் உடைமர நிழலில் நின்று எழுதினேன். உலகம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வாசிக்கச் சொன்னாள்.

"தரிசு. குறிப்பு: ஆடு மேய்கிறது. விறகு எடுக்கிறார்கள். பதினோரு குடும்பம் காணம் விதைக்கிறது. ஊர்க் குடிதண்ணீர் இங்கிருந்து ஊறுகிறது."

"அந்த வார்த்தை இன்னும் கெடக்கா?"

"அதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லம்மா."

"கெடந்துட்டுப் போட்டும். என்னையும் சொல்லத்தான் செய்தாக" என்றாள். "பக்கத்துல எழுதிட்டியல்லா, அத மட்டும் இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தேன்.