காசிம் அண்ணனுக்குச் சொன்ன மூன்று முடிவுகள்

செய்தியைக் கொண்டுவந்தவர் செட்டியார். கடற்கரைச் சாலையில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஆபீசுக்குக் காலையிலேயே வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றார். "தம்பி, காசிம் போயிட்டாரு" என்றார். "எங்கே?" என்று கேட்டேன். சரக்குப் பட்டியலில் பாதியில் இருந்த வரியை எழுதி முடித்து, மை ஒற்றி, பேனாவைத் துடைத்து வைத்த பிறகுதான் அவர் சொன்னது எனக்கு விளங்கியது. அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரையிலும் வரவில்லை.

நம் மாடிக்கு வந்து பழகியவர்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாக நான் சொல்ல ஒன்றுமில்லை. வராதவர்களுக்குச் சொல்கிறேன். கடல் கடந்து நாங்கள் பிழைக்க வந்த இந்தத் துறைமுக ஊரில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில் காசிம் அண்ணனுக்குக் கைலிக் கடை. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்தக் கடையின் மாடியில், கைலிக் கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து நாங்கள் புத்தகம் பேசுவோம். நாகப்பட்டினத்துக் கப்பலில் வருவது எதுவானாலும் ஒரு பிரதிதான் வரும். அது கை மாறிக் கை மாறி எல்லாரிடமும் போய்விட்டு வருவதற்குள் அட்டை போய்விடும். ஆனால் சண்டைக்கு மட்டும் குறைவிருக்காது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்தாளரின் கட்சி. புதிதாக ஒருவர் மாடியேறினால் ஊர் பேர் கேட்பதற்கு முன்பே, "நீங்க யாரு கட்சி?" என்றுதான் கேட்போம்.

வட்டிக்கடைக் கிட்டங்கியில் இருந்து வரும் செட்டியாருக்குக் கெட்டவன் கடைசியில் திருந்தியாக வேண்டும். அப்படி எழுதுகிறவர்தான் அவருக்கு எழுத்தாளர். பெரிய ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருக்கும் தங்கராஜுவுக்கு அத்தியாயத்துக்கு ஒரு மாறுவேஷமாவது வேண்டும். பள்ளிவாசல் அருகே நாசி கந்தார் சோறு விற்கும் ராவுத்தருக்கு, படித்து முடிக்கும்போது கைலி முனையால் கண்ணைத் துடைக்கும்படி இருந்தால்தான் கதை. நான் ஆளுக்குத் தகுந்தபடி கட்சி மாறுகிறவன் என்று எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

காசிம் அண்ணனுக்கு என்று தனிக் கட்சி கிடையாது. எந்த எழுத்தாளருக்கு மாடியில் ஓர் ஆளும் இல்லையோ அவருக்காகப் பேசுவார். "பாவம், அவருக்கும் ஒருத்தன் வேணாமா?" என்பார். யாராவது ஒரு புத்தகத்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், இந்த ஊர்ப் பேச்சின் 'லா'வையும் ஒட்டிப் பிடித்துக்கொள்வார். "நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க லா. எந்தப் பக்கத்துல உங்க சோறு ஆறிப்போச்சு, அதைச் சொல்லுங்க." சொல்லத் தெரியாமல் நான் விழித்த ஞாயிற்றுக்கிழமைகள் பல. ஒருமுறை செட்டியார் மட்டும் கொஞ்சமும் யோசிக்காமல் பக்கத்தையும் சொல்லி, அன்றைக்கு என்ன குழம்பு என்பதையும் சொன்னார். காசிம் அண்ணன் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் கடைசியாகப் படித்தது ஒரு மாதப் பத்திரிகையில் வந்த தொடர்கதை. எழுதியவர் பெயரை அதற்கு முன் எங்களில் எவரும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே அவர் காசிம் அண்ணனின் ஆளாகிவிட்டார். கடல் கடந்து போய்க் காணாமற்போன கணவனைத் தேடி, அம்சவல்லி என்ற பெண் தனியாகக் கப்பலேறி வருகிற கதை. அப்படிப்பட்ட கணவன்மார் இந்த ஊரில் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, அண்ணன் அதைக் கதை மாதிரியே படிக்கவில்லை. "அவ வந்து எறங்கிட்டா தம்பி. அவன் கதவைத் தொறப்பானா, மாட்டானா?" என்று துணி அளந்துகொண்டே கேட்பார்.

கடைசிப் பகுதி வரவேண்டிய சமயத்தில் அவர் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பத்திரிகை ஏறிவந்த கப்பலில் யாருக்கோ அம்மை கண்டு, ஜெரெஜாக் தீவின் பக்கத்தில் கொரன்டீனில் நிறுத்திவிட்டார்கள். தபால் பைகளைக்கூட இறக்க விடவில்லை. கப்பலை விடும் வரையில் அவர் தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதாகத் தங்கராஜு எங்களிடம் வந்து சொன்னார். அன்றைக்கு மாடியில் யாரும் யாருக்காகவும் கட்சி பேசவில்லை.

தினமும் நாலு மணிக்கு ஆபீசில் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். ஒருநாள் நான் போய் உட்கார்ந்ததும் அண்ணன், "தெரியுமா? வீட்டு வேலைக்காரனா வர்றானே, அவன்தான் மாறுவேஷத்துல புருஷன்" என்றார்.

"யார் சொன்னது?"

"தங்கராஜு. கப்பலை விட்டுட்டாங்களாம், அவரு படிச்சிட்டாராம்."

"இல்லையே அண்ணே, கப்பல் இன்னும் ஜெரெஜாக்லதானே நிக்குது" என்று சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். கப்பல் ஆபீஸ்காரன் வேறு என்ன சொல்வேன்? அவர் இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு, "நீ ஒண்ணும் தெரியாத மாதிரி இரு. செட்டியாரு இன்னும் வரல. அவரு முடிவையும் கேக்கணும்" என்றார்.

அவர் நினைத்தது தப்பவில்லை. மறுநாளே செட்டியார் போனார். அவர் சொன்ன முடிவில் கணவன் அம்சவல்லியின் காலில் விழுந்து, திருந்தி, இருவருமாகக் காசிக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ராவுத்தர் ஒரு தூக்குச் சட்டியில் கஞ்சியோடு போனார். அவர் முடிவில் எல்லாருக்கும் காலரா. கணவன் செத்து, அம்சவல்லியும் சாகக் கிடக்கும்போதுதான் ராவுத்தருக்குத் தாம் எங்கே உட்கார்ந்து யாரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்திருக்கிறது. "இல்ல இல்ல அண்ணே, டாக்டர் வந்துட்டாரு, ரெண்டு பேரும் எழுந்து உக்காந்துட்டாங்க" என்று கணவனையும் சேர்த்து எழுப்பிவிட்டார்.

மூவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், தனித்தனியாகப் போய்ச் செய்தது இது. இன்னும் எவரும் மற்றவரிடம் சொன்னதாகத் தெரியவில்லை. இந்த இரங்கல் குறிப்பைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள். அண்ணன் மூன்றையும் குறுக்கே பேசாமல் கேட்டிருக்கிறார். "மூணு பேரும் அவங்கவங்க ஆளு எழுதுற மாதிரியே முடிச்சுட்டாங்க பாரு" என்று என்னிடம் சொன்னார். "எம்மேல இவ்ளோ ஆசையா வச்சிருக்காங்க? தெரியாமப் போச்சே." அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

கப்பலை விட்டார்கள். அண்ணன் இருந்தார். தபால் பைகள் கந்தகப் புகை காட்டி இறக்கப்பட்டதும் பத்திரிகையை வாங்கிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாளெல்லாம் புகை நாற்றம். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிச் சாய்ந்துகொண்டார். நான் வாசித்தேன். அம்சவல்லி விசாரித்து விசாரித்து ஒரு தெருவைக் கண்டுபிடித்தாள், வீட்டையும் கண்டுபிடித்தாள், கதவைத் தட்டினாள். உள்ளே யாரோ எழுந்து வரும் சத்தம். அந்த இடத்தில் அண்ணன் கையைத் தூக்கினார்.

"போதும் தம்பி. மிச்சம் நாளைக்கு."

"இன்னும் ஒரு பக்கந்தான் அண்ணே."

"அதனாலதான் சொல்றேன். இன்னிக்கே முடிச்சிட்டா, நாளைக்கு நீ எதுக்கு வருவே?"

"முடிஞ்சாலும் வருவேன்."

"வருவே. நோயாளியைப் பாக்க வருவே. கதை மிச்சமிருந்தா சேர்ந்து படிக்க வருவே. ரெண்டும் ஒண்ணா லா?"

நான் பத்திரிகையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது கண்ணை மூடியிருந்தார். மறுநாள் காலையில்தான் செட்டியார் ஆபீசுக்கு வந்தார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது. கூட்டத்தோடு போனேன், கூட்டத்தோடு திரும்பினேன். வழியில் யாரோ என் தோளைப் பிடித்தது நினைவிருக்கிறது. யார் என்பது நினைவில்லை. பள்ளிவாசல் வாசலில் மூவரும் என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். செட்டியார்தான் கேட்டார்: "முடிவைக் கேட்டுட்டாரா தம்பி?" நடந்ததைச் சொன்னேன். ராவுத்தர் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பக்கத்துக்காகவா" என்று தங்கராஜு சொல்லிக்கொண்டே இருந்தார். பத்திரிகையைச் செட்டியாரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது அது வழக்கம்போல் கை மாறிக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. படிப்பேன், அவசரமில்லை.

முடிவு தெரியாமல் போய்விட்டாரே என்று மாடிக்காரர்கள் எல்லாரும் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. மாதக்கணக்காக அவர் காத்திருந்த முடிவு என் கையில் இருந்தது. வாய் திறந்து கேட்டிருந்தால் அடுத்த நிமிஷம் தெரிந்திருக்கும். அதைவிட நான் இன்னொரு மாலை வந்து பக்கத்தில் உட்கார்வதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். அதை எங்கே வைப்பது, என்ன செய்வது என்று இன்னும் பிடிபடவில்லை. நாலு மணி ஆனதும் கை தானாகப் போய்க் குடையை எடுக்கிறது. பெரிய கிளார்க் நிமிர்ந்து பார்த்து, "போயிட்டு வா" என்கிறார். அவருக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை. நானும் போகிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரை.