சட்டைப் பொத்தானைத் திட்டியவர்

மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். நம் சலூன்காரருக்கு அது அங்கேயே குடியிருந்தது. கிருதாவைக் கொஞ்சம் ஏற்றச் சொன்ன வாடிக்கையாளரிடம், "நீங்க வெட்டுறீங்களா, நான் உக்காரட்டுமா?" என்று கத்தரிக்கோலை நீட்டுவார். பீரோவை எந்தப் பக்கம் திருப்பி மாடிப்படி ஏற்றுவது என்ற சண்டையில் மனைவியின் தம்பியோடு பேச்சு முறிந்து பல வருஷமாகியிருந்தது. "அவன் முன்னாடி தலை குனிஞ்சேன்னா பாதி மீசைய எடுத்துக்கறேன்!" என்று சபதம் வேறு. கத்தி எப்போதும் கையிலேயே இருக்கிற ஆள், செய்தாலும் செய்வார். மனைவிக்குக் கூடப்பிறந்தது அந்த ஒரு தம்பிதான். பாவம், பீரோவைத் திறக்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

இந்த மனிதருக்குப் போய் முதுகு வளைய ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இடுப்பு மரக்கட்டை. வேலை செய்யச் செய்ய இளகும். லீவு நாளில்தான் வலி உயிர் போகும். நாளெல்லாம் நின்று முடி வெட்டினால் வலிக்காதா என்று வருஷக்கணக்கில் தைலம் தேய்த்தார். கடைசியில் டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"தொழிலால வந்ததில்ல, மூட்டுவாதத்துல இது ஒரு வகை. முதுகெலும்புல அழற்சி வந்து வந்து, எலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பாருங்க, மூங்கில் கழி மாதிரி. வளைஞ்சது வளைஞ்சதுதான். இன்னும் வளையாம இருக்க மருந்து சாப்பிடுங்க, பயிற்சி செய்யுங்க."

உட்கார்ந்த தலைகள் கண்ணுக்கு எட்டியதால் தொழில் தப்பியது. ஆனால் எதிரில் நிற்பவரின் மூன்றாவது பொத்தானுக்கு மேல் பார்வை ஏறவில்லை. சண்டைக்காரருக்கு இது எவ்வளவு பெரிய நஷ்டம்! பக்கத்துக் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டெல்லாம் பொத்தானோடு போயிற்று. "வயசாக ஆக என்ன பணிவு பாருங்க" என்று தெருவே மெச்சியது. "பணிவில்லய்யா, வாதம்!" என்று நிரூபிக்க எக்ஸ்ரேயைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தார்.

அக்காவைப் பார்க்காமல் இருக்க முடியாமல் ஒரு நாள் அந்தத் தம்பியே சலூன் வாசலில் வந்து நின்றான். ஆறடி ஆள். மாமா தன் முன் தலை தாழ்த்தி நிற்பதைக் கண்டதும் பதறி உள்ளே ஓடி வந்தான்.

"ஐயோ மாமா, நீங்க போய் எங்கிட்ட குனிஞ்சு மன்னிப்பு கேக்கணுமா! நான் எல்லாத்தையும் மறந்துட்டேன்."

"யாருடா குனிஞ்சது?" என்று பொத்தானைப் பார்த்துக் கத்தினார் மாமா. "எலும்புடா! எலும்பு ஒட்டிக்கிச்சு! மன்னிப்பாம் மன்னிப்பு!" எக்ஸ்ரேயைப் பிடுங்கி அவன் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

சாப்பாடு கொண்டு வந்திருந்த மனைவி தூக்கைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள். இப்போது திரும்பிப் போனால் தம்பி இனி ஜென்மத்துக்கும் வரமாட்டான். "கொஞ்சம் வாய மூடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

தம்பி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான். பிறகு முடி சிதறிக் கிடந்த தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கினான்.

"இப்ப என் மூஞ்சி தெரியுதா மாமா? இப்ப திட்டுங்க."

மாமா வாயைத் திறந்தார். சேர்த்து வைத்த திட்டெல்லாம் நாக்கு நுனியில் நின்றது. அந்த முகத்துக்கு வயதாகியிருந்தது, கண் கலங்கியிருந்தது. ஒரு காதோரம் முடி ஏறியும், மறு காதோரம் இறங்கியும் கிடந்தது.

"எவன்டா உனக்கு முடி வெட்டினது?" என்றார், குரல் உடைந்து. "எந்திரி. நாற்காலியில உக்காரு."